எதிராளியின் வாதத்தை எழுதிவைத்த ஊர்



சுந்தரரை இறைவன் தடுத்தாட்கொண்ட தலம், கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் என்று திருவெண்ணெய்நல்லூரை எல்லோரும் அறிவார்கள். நான் பேச எடுத்துக்கொண்டது இந்த ஊரின் 13ஆம் நூற்றாண்டு. அப்போது இவ்வூர் அடங்கிய நடுநாடு நிலைகுலைந்து கிடந்தது. 1231 வாக்கில் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன், தன் பேரரசனான மூன்றாம் இராசராச சோழனையே பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான். மீட்க வந்த போசளப் படை வழியெங்கும் ஊர்களை அழித்ததைத் திருவயிந்திரபுரம் கல்வெட்டு வெற்றிச் செய்தியாகவே பதிந்துவைத்திருக்கிறது. 1279 வாக்கில் சோழ அரசே முடிந்துபோனது. ஓர் அரசு இப்படிச் சரிந்துகொண்டிருந்த நூற்றாண்டில்தான் இவ்வூரில் வாழ்ந்த மெய்கண்டார் சிவஞானபோதம் என்னும் சைவ சித்தாந்த நூலைச் செய்தார். அதே நூற்றாண்டில் பிரான்சின் தென்பகுதியில், கத்தார் என்னும் கிறித்தவப் பிரிவினரை ஒழிக்கத் திருத்தந்தை அறிவித்த சிலுவைப்போர் 1209 முதல் 1229 வரை நடந்தது. சமயமும் ஆட்சியும் ஒருசேரக் கலங்கிய இந்த இரண்டு நிலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. ஒரு சமூகத்தின் கல்வி எத்தகையது என்பதை, அது மாற்றுக் கருத்துடையவரை எந்த இடத்தில் நிறுத்திப் பேசவிட்டது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

சிவஞானபோதம் 12 சூத்திரங்கள், 40 அடிகள். அவ்வளவுதான் நூல். ஆனால் ஒவ்வொரு கருத்தையும் மெய்கண்டார் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து நிறுவுகிறார். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதால் அதற்கு ஒரு முதல்வன் வேண்டும் என்று காரணம் காட்டித் தொடங்குகிறாரே தவிர, நம்பிவிடு என்று தொடங்கவில்லை. அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய சிவஞானசித்தியாரின் முதற்பகுதியாகிய பரபக்கம் முழுவதும் பிறர் கொள்கைகளைப் பற்றியது. உலகாயதர், பௌத்தரில் நான்கு பிரிவினர், சமணர், ஆசீவகர், மீமாஞ்சகர், மாயாவாதி, சாங்கியர், பாஞ்சராத்திரி என்று 14 தரப்புகள் அங்கே வருகின்றன. ஒவ்வொருவர் மதமும் முதலில் சொல்லப்படுகிறது. மறுப்பு அதற்குப் பிறகுதான். தம்முடைய சித்தாந்தத்தைச் சொல்லும் சுபக்கம் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது.

இதனால் விளைந்த நன்மைக்கு ஆசீவகரே சான்று. அவர்கள் எழுதிய நூல் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. 1951இல் அவர்களுடைய வரலாற்றை எழுதிய ஆங்கில அறிஞர் ஏ. எல். பாஷம், அவர்களின் தத்துவத்தைத் திரட்டுவதற்கு மூன்று தமிழ் நூல்களைப் பெரிதும் நம்பினார்: பௌத்த நூலான மணிமேகலை, சமண நூலான நீலகேசி, சைவ நூலான சிவஞானசித்தியார். மூன்றுமே எதிர்த்தரப்பு நூல்கள். கத்தார்களைப் பற்றியும் நாம் அறிவதில் பெரும்பகுதி எதிர்த்தரப்பு எழுதியதுதான். ஆனால் அது விசாரணை ஏடுகளில் இருக்கிறது. 1318 முதல் 1325 வரை ஆயர் ழாக் ஃபூர்னியே நடத்திய விசாரணையில் மோந்தய்யூ என்ற மலைக்கிராமத்து எளிய மக்கள் சொன்னதெல்லாம் வரிவரியாகப் பதிவாகியிருக்கிறது. வரலாற்றாசிரியர்களுக்கு அது புதையல். பேசியவர்களுக்கோ, தண்டனையை அஞ்சியபடி அளித்த வாக்குமூலம்.

இங்கே நீங்கள் சில தடைகளை எழுப்பலாம். எழுப்பவும் வேண்டும். அருணந்தி எதிராளியை நேர்மையாகத்தான் சொன்னாரா? முழுவதும் இல்லை. ஆசீவகரைத் திகம்பர சமணரோடு கலந்தே காட்டுகிறார். பாஷமும் இந்தக் கலப்பைக் கவனித்திருக்கிறார். வெல்வதற்காக எழுதிய நூலில் இப்படிச் சாய்வு இருக்கும். ஆயினும் எதிர்வாதத்தை எழுதிவைத்ததால்தான், அவர் எங்கே பிசகினார் என்று இன்று நம்மால் சரிபார்க்க முடிகிறது. அடுத்த தடை இதைவிடக் கடினமானது. வாதம் என்பதே ஆயுதமாகலாம் அல்லவா? ஆகலாம். 1240இல் பாரிசில் யூதரின் தால்முத் நூலைப் பற்றி, அரசன் ஆதரவோடு ஒரு வாதம் நடந்தது. யூத அறிஞர்களும் பேச அழைக்கப்பட்டார்கள். 1242இல் வண்டி வண்டியாக அந்த நூற்படிகளை எரித்தார்கள். நம்மிடமும் மதுரையில் திருஞானசம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் காலத்துக் கல்வெட்டுச் சான்று எதுவும் அதற்கு இல்லை. சமணம் தமிழகத்தில் அதோடு அழிந்துவிடவும் இல்லை. திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து ஊர்களில் தமிழ்ச் சமணர் இன்றும் உழுது வாழ்கிறார்கள். மேல்சித்தாமூரில் அவர்களின் மடம் இருக்கிறது. ஆனால் நடந்ததோ இல்லையோ, அதைப் பெருமையாகச் சொல்லிவந்த மனம் நம்முடையதுதான், அதை மறைக்கக் கூடாது. தோற்றவரைத் தண்டிக்க ஓர் அரசன் காத்திருக்கும் அவையில் வாதம் விசாரணையாகிவிடுகிறது. பரபக்கத்தின் முடிவில் யாருக்கும் தண்டனை இல்லை, நான் அதை உயர்த்திச் சொல்வது அதனால்தான்.

எதிராளிக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் சொந்தக் கொள்கை தளர்ந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. அருணந்தி தளரவில்லை; சைவ சித்தாந்தத்தின் மிக உறுதியான நூல்களில் ஒன்று அவருடையது. அவருக்கு ஏறத்தாழச் சமகாலத்தவரான கிறித்தவ இறையியலாளர் தோமா அக்குவினாசும் ஒவ்வொரு வினாவிலும் தம் முடிவுக்கு எதிரான வாதங்களையே முதலில் அடுக்கினார். 1277இல் பாரிசு ஆயர் தடைசெய்த 219 கருத்துகளில் சில, அவர் கருத்தோடு நெருங்கியவை. திருச்சபை பின்னாளில் அவரையே தன் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

மாணவச் செல்வங்களே, நாளை உங்களில் பலர் விசாரணை அறிக்கையோ, வழக்கு மனுவோ, செய்தியோ எழுதுவீர்கள். அந்த அறையில் இல்லாத ஒருவரின் தரப்பு உங்கள் கையெழுத்தில் மட்டுமே இருக்கும். அவரே வந்து படித்தால் இது தம் தரப்புதான் என்று ஒப்புவாரா என்று பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள். கொந்தளிப்பான காலத்தில் அதற்கு நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தில்லித் தளபதி மாலிக்காபூர் தமிழகத்தின்மீது படையெடுத்தது 1311இல். அது முடிந்து இரண்டே ஆண்டில், 1313இல், மெய்கண்டார் மரபில் வந்த உமாபதி சிவாசாரியார் சங்கற்ப நிராகரணத்தை எழுதினார். தமக்கு மிக நெருங்கிய சைவப் பிரிவுகளின் கொள்கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்துவிட்டுத்தான் அதில் மறுத்தார்.

 வணக்கம்.