தாதியர் பணியும் தமிழ் இளையோரும்
(வெள்ளவத்தையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



பாலியற் சுகாதாரம் பற்றிப் பொதுமேடையில் பேசுவது தமிழ்ப் பண்புக்கு அடுக்குமா என்று சிலர் வினவுகின்றனர். மகள் பூப்பெய்தினால் மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டி, படம் பிடித்து விழா எடுப்பவர்கள் நாம். ஊருக்கெல்லாம் அறிவிக்கும் நாம், தன் உடலில் நிகழ்ந்தது யாது என்பதை அச்சிறுமிக்கு அறிவிக்கிறோமா? இல்லை. மகனுக்கோ, விழாவும் இல்லை, விளக்கமும் இல்லை.

இது அந்நியர் புகுத்தும் புதுமையன்று. கனடாவிற் பிறந்து, 1896இல் இந்நாட்டுக்கு வந்து, தமிழரை மணந்து கொழும்பில் வாழ்ந்த டாக்டர் மேரி இரத்தினம் அம்மையார், பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். 1937இலேயே கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் நிறுவினார். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு நாடெங்கும் பரவியதன் பயனாக, மருத்துவமாது வீடு தேடி வருகிறார். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இவ்வெற்றியில் தாதியருக்கும் மருத்துவமாதருக்கும் பெரும் பங்குண்டு.

ஆயினும், மருத்துவமாது கர்ப்பிணியைத் தேடி வருகிறார். மணமாகாத இளையோரை யார் தேடிச் செல்கின்றனர்? ஆசிரியரிடம் கேட்க மாணவன் கூசுகிறான். அவரை நாள்தோறும் எதிர்கொள்ள வேண்டுமல்லவா? வைத்தியருக்கோ நேரமில்லை. அறிவும் பரிவும் இரகசியம் காக்கும் கடமையும் ஒருங்கே வாய்த்தவர் தாதி. அவரே இப்பணிக்கு உரியவர்.

சட்டத்தையும் நோக்குவோம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால், சிறுமியின் சம்மதம் செல்லும் வயது 12இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதனிலும் இளையவளின் இணக்கத்தைச் சட்டம் இணக்கமாகக் கொள்ளாது என்பதே பொதுவிதி. சட்டத்தை அறியேன் என்பது நீதிமன்றத்தில் எதிர்வாதமாகாது. ஆனால், கொட்டாஞ்சேனைச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் இச்சட்டத்தை எடுத்துரைத்தவர் யார்? அறிவியாது விட்டுப் பின்னர் தண்டிப்பது நீதியாகுமா?

இனி மொழியைப் பற்றி ஒரு சொல். அந்தரங்கத்தை மொழிபெயர்ப்பாளர் மூலம் உரைக்க முடியாது. தமிழ் அறியாத தாதியிடம் செல்லும் பெண், தாயையோ அத்தையையோ துணைக்கு அழைக்க நேர்ந்தால், உண்மை வாய்க்குள்ளேயே மடிந்துவிடும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, அரச அலுவலருடன் தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. விண்ணப்பப் படிவத்துக்கு மட்டுமா அவ்வுரிமை? நோயுற்ற பெண்ணின் நாவுக்கும் அது உரியதன்றோ!

ஆகவே, நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கின்றோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மக்கள் நாடும் சிகிச்சை நிலையங்களில் தமிழ் பேசும் தாதியர் பணிபுரிய வேண்டும். ஒவ்வொரு தமிழ்ப் பாடசாலையிலும் ஆண் பெண் இருபாலாருக்கும் தாதியர் பாடம் நடத்த மாநகர சபையும் கல்வித் திணைக்களமும் வழிசெய்ய வேண்டும். மூன்றாவது கோரிக்கை அரசை நோக்கியதன்று, உங்களை நோக்கியது. அப்பாடத்தைத் தடுக்காதீர்கள், பெற்றோராகிய நீங்களே முதலில் சென்று கேளுங்கள். தமிழ்ப் பெண்களைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்புங்கள்; அப்பணியை இழிவெனக் கருதும் மடமையைக் கைவிடுங்கள்.

மானம் என்பது அறியாமைக்குப் போர்த்தும் போர்வையன்று. நம் பிள்ளைகளை அறிவினாற் காப்போம்.