பாலத்திற்கு வீரன் பெயர்

(ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஓடையின் குறுக்கே கட்டப்பட்ட புதிய பாலத்திற்கு, எல்லைக் காவலில் உயிர் நீத்த அவ்வூர் இளைஞனின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பது கோரிக்கை. விண்ணப்பத்தில் மேல்கரைக்காரர்களின் கையொப்பங்கள் நிறைய இருக்கின்றன. கீழ்கரையினர் கையொப்பம் ஒன்றுகூட இல்லை. ஆகவே இதனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

மாண்ட வீரனை ஊர் மறவாதிருத்தல் நமக்குப் புதிய வழக்கமன்று. நடுகல்லுக்குக் கல்லைத் தேர்வது முதல் அதனை வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. வைகைக் கரையில், தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்பது ஆய்வாளர் கருத்து. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனை ஊரோடும் பெயரோடும் குறிக்கிறது. இதற்கு மாறாக, 1914 முதல் 1919 வரை நடந்த பெரும் போருக்காக அன்றைய அரசாங்கத்தார் சில கிராமங்களில் பதித்த கற்களைப் பாருங்கள். ‘இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர்’ என்ற கணக்கு மட்டுமே அவற்றில் இருக்கிறது. சென்றவன் யார், எவர் மகன் என்பது கல்லில் இல்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு பேரன் யாரை நினைப்பான்?

விடுதலைக்குப் பின் நிலை மாறியது. உத்தரப் பிரதேசத்துக் காசிப்பூர் மாவட்டத்தில் தாமுப்பூர் என்னும் கிராமத்துத் தையற்காரரின் மகன் அப்துல் ஹமீது. 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் அசல் உத்தர் என்னும் ஊரருகே, ஜீப் வண்டியில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பகைவரின் டாங்கிகள் பலவற்றைத் தகர்த்து 10ஆம் தேதி அவர் வீழ்ந்தார். நாடு அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளித்தது. காசிப்பூரில் கங்கையின் மீதுள்ள பாலம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. சந்தைக்குச் செல்பவரும் பள்ளிக்குச் செல்பவரும் அந்தப் பெயரைச் சொல்லியே ஆற்றைக் கடக்கிறார்கள். சிலைக்கு ஆண்டுக்கொரு மாலைதான் கிடைக்கிறது. பாலத்தின் பெயரோ நாள்தோறும் மக்கள் வாயில் வழங்குகிறது. இக்காரணத்தால் பாலத்திற்குப் பெயரிடும் யோசனையை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 1997இல் அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்றிற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததையொட்டித் தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது நினைவிருக்கும். வெள்ளையரை எதிர்த்த வீரரின் பெயரையும் சாதிக் கண் கொண்டு பார்த்தார்கள். அவ்வாண்டிலேயே மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கிவிட்டது. பெயரை வைத்துப் பின்பு எடுப்பதைக் காட்டிலும் வைக்காதிருத்தல் நன்று. எனவே மேல்கரைப் பெரியவர்கள் முதலில் கீழ்கரைக்குச் சென்று பேச வேண்டும். அவ்விளைஞன் காவல் காத்தது மேல்கரையை மட்டுமன்று. கீழ்கரையிலிருந்து படையில் சேர்ந்தவர் இருந்தால் அவர் வீட்டாரைக் கொண்டே தீர்மானத்தை முன்மொழியச் செய்யலாம். அவன் தாயாரின் சம்மதத்தையும் நேரில் கேளுங்கள். பெயர்ப் பலகையை நாள்தோறும் கடந்து செல்லும் துணிவு எல்லாத் தாய்மார்க்கும் இராது.

அடுத்து, பாலம் யாருடையது என்று பார்க்க வேண்டும். ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்ற வேறுபாட்டை நீங்கள் அறிவீர்கள். எதுவாயினும் கிராம சபைத் தீர்மானம் மட்டும் போதாது. உரிய அனுமதி வந்த பிறகே பலகை வைக்க வேண்டும். 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. இதனை அவசரக் கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டிய தேவையில்லை.

கல்லில் என்ன எழுதுவது? வீரனின் பெயர், படைப்பிரிவு, ஊர், வீழ்ந்த இடம், நாள். இவை போதும். சாதிப் பட்டம் வேண்டாம். பெயரின் எழுத்தைப் படைத்துறைச் சான்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். திறப்பு விழாக் கற்களில் எம்போன்ற அலுவலர்களின் பெயர்கள் பெரிதாகவும், விழாவுக்குரியவர் பெயர் மூலையிலும் இருப்பதை நாம் பலமுறை கண்டதுண்டு. இக்கல்லில் நம் எவர் பெயரும் வேண்டா. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாலத்தின் கண்களில் அடைத்துள்ள முட்செடிகளை ஆண்டுதோறும் அகற்றும் பொறுப்பையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் இடிந்து கிடக்கும் பாலத்தில் வீரனின் பெயரைத் தொங்கவிடுவது மரியாதையாகாது.

இன்னொன்று. டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடி நாள். 1949 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று நிதி திரட்டுவதோடு, அவ்வீட்டாருக்குச் சேர வேண்டிய ஓய்வூதியமும் உதவியும் முழுமையாக வந்தனவா என்று விசாரியுங்கள். குறையிருப்பின் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அவர்களை உறுப்பினர் ஒருவர் உடனிருந்து அழைத்துச் செல்லட்டும்.

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறோம். நிராகரித்ததாக எண்ண வேண்டாம். இரு கரையினரின் கையொப்பத்தோடு அது மீண்டும் வந்தால், பொறியாளரை உடனழைத்துக்கொண்டு நாமே பாலத்தடிக்கு வந்து, கல் பதிக்கும் இடத்தைக் குறித்துத் தருவோம்.