மின்கட்டணமும் இல்லறச் செட்டும்

(காலடிப்பேட்டையில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய அடியேனை இலக்கியம் பேச அழைக்காது, மின்கட்டணம் பற்றிப் பேசுமாறு காரியதரிசியார் பணித்தபோது முதலில் வியப்புற்றேன். வீட்டுக்குச் சென்று மின்கணக்கு அட்டையை எடுத்து நோக்கினேன், வியப்பு நீங்கிற்று.

நம் ஊர் கணக்கறிந்த ஊர். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் காலத்தில் நெசவாளருக்கென அமைந்த பேட்டையே, மக்கள் நாவில் காலடிப்பேட்டையாயிற்று. இழையெண்ணி நெய்தவர் ஊரில் வாழும் நாம் யூனிட்டை எண்ணாதிருத்தல் தகுமோ?

ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட். வீடுகளுக்கு இரு திங்களுக்கொருமுறை கணக்கெடுக்கும் முறையில், முதல் 100 யூனிட்டுக்குரிய கட்டணம் 2016-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட கட்டணமோ ஏணிப்படி போன்றது. 2022 செப்டம்பரில் வகுத்த விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் நிற்பவர்க்கு அடுத்த நூறு 2 ரூபாய் 25 காசு வீதமும், அதன்மேல் இருநூறு 4 ரூபாய் 50 காசு வீதமும், கடைசி நூறு 6 ரூபாய் வீதமும் ஆகி, மொத்தம் 1,725 ரூபாய். 500-ஐத் தாண்டியவர்க்கோ, 2 ரூபாய் 25 காசு என்னும் சலுகைப் படியே மறைந்துவிடும். மேற்பட்ட ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாயிலிருந்து தொடங்கும். விகிதங்கள் 2024-இலும் உயர்ந்தன. எனினும் ஏணியின் இயல்பை உணர்தற்கு இக்கணக்கே போதும்.

என் பிழையையே சான்றாகக் கூறுகின்றேன். 2023-ஆம் ஆண்டுக் கோடையில் என் வீட்டில் 512 யூனிட் செலவாயிற்று. கட்டணம் 2,046 ரூபாய். பன்னிரண்டு யூனிட் குறைந்திருப்பின் 1,725 ரூபாயே செலுத்தியிருப்பேன். அப்பன்னிரண்டு யூனிட்டின் விலை 321 ரூபாய்! அன்று முதல் ஞாயிறுதோறும் காலையில் மீட்டர் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வருகின்றேன். வாரத்துக்கு 58 யூனிட்டுக்குள் நின்றால் 500-ஐத் தாண்டோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

இனி, மனைக்குரிய பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். நான்கு குடித்தனங்கள் ஒரே மீட்டரில் இருப்பதாகக் கொள்வோம். குடித்தனத்துக்கு 150 யூனிட் ஆக மொத்தம் 600. அவ்விகிதப்படி கட்டணம் 2,750 ரூபாய். தலைக்கு 687 ரூபாய் 50 காசு. ஒவ்வொருவர்க்கும் தனி மீட்டர் இருப்பின், 100 யூனிட் போக 50 யூனிட்டுக்கு 112 ரூபாய் 50 காசு மட்டுமே. எளியவர்க்கென அரசு அளித்த சலுகை நால்வரில் ஒருவர்க்கும் முழுதாய்ச் சேராது, மீட்டர்ப் பெட்டியிலேயே கரைந்து போகின்றது. அக்குடித்தனங்களில் இருப்போர் யார்? கூலிக்குச் செல்வோர், கைம்பெண்கள், நம் இனத்தாரும் உளர். தனி வாயிலும் தனிச் சமையலறையும் உள்ள பகுதிக்குத் தனி இணைப்புக் கோர இடமுண்டு. ஆதலின் மனைக்குரியோர் இவ்வாண்டே விண்ணப்பிக்க வேண்டுகின்றேன். இது தானமன்று, நியாயம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் கொள்ளும். அது நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம் சுழலின் இரு திங்களில் 72 யூனிட். புதிய பி.எல்.டி.சி. விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் சுழலும். அதற்கு 29 யூனிட் போதும். விசிறியை மாற்றும்போது இதனை நினைக. ஏசி உள்ளோர் 24 பாகையில் வைப்பின் உடலுக்கும் நலம், பணத்துக்கும் நலம். ஆயின், வெயிலில் வாடும் குழந்தைக்கும் முதியோர்க்கும் விசிறியை நிறுத்திச் சேர்க்கும் காசு செட்டன்று, கருமித்தனம்.

ஈற்றில் ஒன்று. நிலக்கரியால் ஆக்கும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரி எரிகின்றது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. 1994 முதல் அத்திப்பட்டில் வடசென்னை நிலையம் மின்சாரம் தந்து வருகின்றது. ஊரெல்லாம் விளக்கெரிய, அதன் சாம்பல் நம் பக்கத்துக் கழிமுகத்திலும் காற்றிலும் படிந்தது. ஆதலின் வீணான விளக்கை அணைக்கும் கை, தன் பணப்பையை மட்டுமன்றித் தன் பிள்ளையின் மூச்சையும் காக்கின்றது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தத்தம் மீட்டர்க் குறிப்பேட்டுடன் வருக. யானும் என்னுடையதைக் கொணர்வேன்.