பந்தைக் கொடுத்தால் போதுமா?

(குறுவள மையப் பயிற்சி ஒன்றில் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் எல்லோரும் எங்காவது பார்த்திருக்கக்கூடிய ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். தலையில் இரும்புத் தொப்பி, மார்பில் குண்டு துளைக்காத கவசம், தோளில் துப்பாக்கியோடு ஒரு ராணுவ வீரர் குனிந்து நிற்கிறார். அவர் கையில் ஒரு கால்பந்து. அதை வாங்கக் கை நீட்டியபடி செருப்பில்லாத ஒரு சிறுவன். 2001க்குப் பிறகு ஆப்கானிஸ்தானிலும், 2003க்குப் பிறகு ஈராக்கிலும் இப்படி எத்தனையோ படங்கள் எடுக்கப்பட்டன. வீரர்களின் குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும் பந்துகளைச் சேகரித்து, தபால் செலவு குறைவதற்காகக் காற்றை இறக்கி, பெட்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். வீரர்கள் ரோந்து போகும் வழியில் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்.

இந்தச் செயலைக் குறை சொல்ல நான் வரவில்லை. வீட்டில் தன் பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஒருவர், வேறொரு பிள்ளை சிரிப்பதைப் பார்க்க ஆசைப்படுகிறார். அதில் என்ன தவறு? உள்ளூர் மக்களின் நல்லெண்ணத்தைப் பெற வேண்டும் என்ற ராணுவக் கணக்கும் அதற்குள் இருந்தது உண்மைதான். அந்தக் கணக்குக்காக, கொடுத்தவரின் மனதைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

விளையாட்டு, சோறு தண்ணீருக்குப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய ஆடம்பரமும் அல்ல. 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியாவும் 1992இல் அதில் இணைந்தது. யுத்தம் நடக்கும் ஊரில் பிறந்த குழந்தைக்கு மட்டும் அந்த உரிமை இல்லை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை.

அப்படியானால் பந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது? மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 2007 ஆகஸ்டு மாதம். இடம், ஆப்கானிஸ்தானின் கிழக்கே பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கோஸ்ட் மாகாணம். அமெரிக்க ராணுவம் அங்குள்ள பிள்ளைகளுக்காக ஹெலிகாப்டரிலிருந்து கால்பந்துகளைப் போட்டது. பல நாட்டுக் கொடிகள் அச்சிட்ட அழகான பந்துகள். அவற்றில் சவூதி அரேபியாவின் கொடியும் இருந்தது. அந்தக் கொடியில் இஸ்லாத்தின் அடிப்படை உறுதிமொழியான கலிமா எழுதப்பட்டிருக்கிறது. அதில் இறைவனின் பெயரும் நபிகளின் பெயரும் இருக்கின்றன. பந்து என்றால் காலால் உதைக்கத்தானே? புனிதமான பெயரைக் காலால் உதைக்கச் சொல்கிறார்களா என்று மக்கள் கொதித்தார்கள். ஏறத்தாழ நூறு பேர் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ராணுவம் வருத்தம் தெரிவித்தது. பிள்ளைகளை மகிழ்விக்கவே செய்தோம், புண்படுத்தும் நோக்கம் இல்லை என்றது.

அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கும். நம் வீட்டில் ஒரு புத்தகத்தின் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம் அல்லவா? நமக்கு இது சொல்லாமலே புரியும். அந்தப் பந்துகளை ஏற்றுவதற்கு முன் உள்ளூர் ஆசிரியர் ஒருவரிடம் ஒரே ஒரு பந்தைக் காட்டியிருந்தால் போதும். "ஐயா, இது வேண்டாம்" என்று அவர் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். ஹெலிகாப்டரிலிருந்து போடும்போது அப்படிக் கேட்க ஆள் இல்லை. கீழே இருப்பவரின் முகமும் தெரியாது.

இரண்டாவது நிகழ்ச்சி 2001 அக்டோபரில் நடந்தது. ஆப்கானிஸ்தானில் குண்டுவீச்சு தொடங்கிய முதல் இரவிலேயே, விமானங்களிலிருந்து 37,000க்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்களும் போடப்பட்டன. தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்று அவற்றின் உறை மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதே போரில் வீசப்பட்ட கொத்துக்குண்டுகளுக்குள் இருந்த சிறு குண்டுகளும் மஞ்சள் நிறம். குளிர்பான டப்பா அளவுதான் இருக்கும். அவற்றில் சில வெடிக்காமல் தரையில் கிடந்தன. பசித்த பிள்ளை வயலில் ஒரு மஞ்சள் பொருளைப் பார்த்தால் என்ன செய்யும்? ஓடிப் போய் எடுக்கும். இரண்டும் வேறு வேறு என்று வானொலியில் எச்சரிக்கை ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. பிறகு உணவு உறையின் நிறத்தை நீலமாக மாற்றுவதாக அறிவித்தார்கள்.

இது சோற்றுப் பொட்டலம், பந்து அல்ல என்று நீங்கள் நினைக்கலாம். பந்தும் இதே மண்ணில்தான் உருளப் போகிறது. பல ஆண்டுப் போரில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்ட நாடு அது. பந்து வரப்பைத் தாண்டி உருண்டால் பிள்ளை பின்னாலேயே ஓடும். அந்தப் பக்கத்து நிலம் சோதித்துச் சுத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. அங்கே ஒரு பிள்ளைக்குப் பந்தைக் கொடுக்கும்போது, எங்கே ஆடலாம், எங்கே ஆடக்கூடாது என்பதையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது நிகழ்ச்சியைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். 2004 செப்டம்பர் 30. பாக்தாத் நகரில் ஒரு கழிவுநீரேற்று நிலையத்தின் திறப்பு விழா. அமெரிக்க வீரர்கள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைக் குறிவைத்துக் கார் குண்டுகள் வெடித்தன. 35 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே நகரில், அதே போல மிட்டாய் வாங்கக் கூடியிருந்த பிள்ளைகள் நடுவே இன்னொரு குண்டு வெடித்தது.

குற்றம் குண்டு வைத்தவர்களுடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் போர் நடக்கும் இடத்தில் சீருடை அணிந்தவர் எதிரியின் குறியில் இருப்பவர். அவரைச் சுற்றிப் பிள்ளைகள் கூடினால் பிள்ளைகளும் அந்தக் குறிக்குள் வந்துவிடுகிறார்கள். அதனால் பொருளை வாங்கித் தருபவர் யாராக இருந்தாலும், அது பிள்ளையின் கைக்குப் போகும் வழி ஆசிரியர் வழியாகவோ பெற்றோர் வழியாகவோ இருப்பதுதான் நல்லது. அப்போது புகைப்படம் கிடைக்காது. பிள்ளை பத்திரமாக இருக்கும்.

நன்றாக நடந்தவற்றையும் பார்ப்போம். காபூலில் காஸி விளையாட்டரங்கம் என்று ஒன்று உண்டு. 1996க்குப் பின் தாலிபான் ஆட்சியில் அங்கே பொதுமக்கள் முன்னிலையில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. 2002 பிப்ரவரியில் அதே அரங்கில், பன்னாட்டு அமைதிப் படை வீரர்களுக்கும் காபூல் அணிக்கும் கால்பந்துப் போட்டி நடந்தது. இங்கே வீரர்கள் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கவில்லை. ஆப்கானியர்களின் மைதானத்தில், ஆப்கானிய அணிக்கு எதிரணியாக இறங்கி ஆடினார்கள். கொடுப்பவர், வாங்குபவர் என்ற நிலை அந்தத் தொண்ணூறு நிமிடம் இல்லை.

அதே காபூலில் 2007இல் ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் சில சறுக்குப் பலகைகளோடு வந்தார். சக்கரம் வைத்த ஸ்கேட்போர்டு. அவர் ராணுவத்தைச் சேர்ந்தவர் அல்ல. தெருவில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பெண் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவதையே ஊர் ஏற்காத இடம் அது. ஆனால் ஸ்கேட்போர்டு யாருக்கும் பழக்கமில்லாத புதுப் பொருள். பெண்கள் அதில் ஏறக்கூடாது என்று எந்த வழக்கமும் ஏற்பட்டிருக்கவில்லை. அந்த இடைவெளியில் பெண் பிள்ளைகளும் ஏறிக்கொண்டார்கள். பிறகு அது 'ஸ்கேட்டிஸ்தான்' என்ற அமைப்பாகி, பள்ளிப் பாடமும் சேர்த்து நடத்தியது. பலகையைக் கொடுத்தவர் அங்கேயே தங்கிக் கற்றுக்கொடுத்ததால்தான் இது நடந்தது.

யுனிசெஃப் நிறுவனம் போரும் பேரிடரும் தாக்கிய இடங்களுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்புகிறது. சுமார் 40 பிள்ளைகள் கூடி ஆடும் அளவுக்குப் பொருள்கள் அதில் இருக்கும். பந்துகளோடு விசிலும் இருக்கும். நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். விசில் இருக்கிறது என்றால் ஊதுவதற்கு ஒரு பெரியவர் இருக்கிறார் என்று பொருள். குழு பிரிப்பதற்கும், சண்டை வந்தால் விலக்குவதற்கும், ஓரமாக ஒதுங்கி நிற்கும் பிள்ளையைக் கைபிடித்து உள்ளே அழைப்பதற்கும் ஒருவர் இருக்கிறார். வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பந்து எவ்வளவு தேவையோ, அவ்வளவு அந்தப் பெரியவரும் தேவை.

நண்பர்களே, இவ்வளவு தூரத்துக் கதையை நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதே தவற்றைச் சிறிய அளவில் நானும் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிக்கு முன்னாள் மாணவர் ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள் சார் என்று பணம் தந்தார். மறுநாளே நான் கடைக்குப் போய் இரண்டு கிரிக்கெட் செட் வாங்கி வந்தேன். பையன்கள் குதித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து பி.டி. பீரியடில் பார்க்கிறேன், பெண் பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏம்மா ஆடலையா என்று கேட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரிங் வேணும்னு சொல்லியிருப்போம் சார்." அவர்கள் கேட்டது வளையப்பந்து. கிரிக்கெட் மட்டை ஒன்றின் விலையில் எத்தனையோ வளையங்கள் வந்திருக்கும். கோஸ்ட் செய்தியைப் பிறகு படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஹெலிகாப்டரில் ஏறாமலேயே நானும் மேலிருந்துதான் போட்டிருக்கிறேன்.

இன்று நமக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டுக்கென நிதி ஒதுக்கீடு உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 வரை. பெரிய தொகை இல்லைதான். அதனால்தான் யோசித்துச் செலவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எது உதவும் என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். மைதானத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கண்ணாடித் துண்டு, துருப்பிடித்த கம்பி, மூடாத குழி இவைதான் நம் ஊர்ப் பிள்ளைக்கு ஆபத்து. பந்து வாங்கும்போது பம்பும் ஊசியும் சேர்த்து வாங்குங்கள். காற்றுப் போன பந்து எத்தனை பள்ளிகளில் மூலையில் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. பீரோவைத் திறந்து வையுங்கள். தணிக்கைக்குப் பயந்தோ, கிழிந்துவிடும் என்று கவலைப்பட்டோ புதுப் பந்தைப் பூட்டி வைக்கிறோம். இருப்புப் பதிவேட்டில் பந்து பத்திரமாக இருக்கிறது, பிள்ளை மட்டும் வெறுங்கையோடு நிற்கிறது. தேய்ந்து கிழிந்த பந்துக்கு நாம் கணக்கு எழுதிக்கொள்ளலாம். அதற்கு விதிமுறை இருக்கிறது. ஆடாமல் போன ஐந்தாம் வகுப்பை அந்தப் பிள்ளைக்குத் திருப்பித் தர எந்த விதிமுறையும் இல்லை.

தன் பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்து நீட்டிய அந்த ராணுவ வீரருக்கு அங்கே இருந்தது சில நிமிடங்கள்தான். அடுத்த நாள் அவர் வேறு ஊரில் இருப்பார். அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட அவர் கேட்டிருக்க நேரம் இருந்திருக்காது. நமக்கு நம் பிள்ளைகளின் பெயர் தெரியும். அவர்கள் வீடு தெரியும். நாளைக்கும் அவர்கள் நம்மிடம்தான் வரப் போகிறார்கள். அவரால் முடியாததை நம்மால் செய்ய முடியும். திங்கள்கிழமை காலை பீரோச் சாவியை எடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.