எல்லை காந்தியின் இரண்டு மணி நேரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கற்றறிந்த சான்றோர் பேச வேண்டிய இம்மேடையில், ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்கும் சில நிமிடங்கள் அளித்த சங்கத்தார்க்கு நன்றி. பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆயினும், அமைதிக்காக உழைத்த ஒரு பெருமகனாரைப் பற்றி நான் படித்தறிந்தவற்றை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

எல்லை காந்தி என்று நாம் அன்போடு அழைக்கும் கான் அப்துல் கபார் கானே அவர். 1890-ஆம் ஆண்டில், பெஷாவருக்கு அண்மையிலுள்ள உத்மான்சாய் என்னும் ஊரில், வசதி படைத்த பட்டாணியர் குடும்பத்திற் பிறந்தார். இளமையில், படையில் அதிகாரியாகும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. ஆனால், இந்திய அதிகாரி ஒருவரை ஆங்கிலேயர் ஒருவர் இழிவாகப் பேசியதைக் கண்டதும், அப்பதவி வேண்டாமென உதறினார்.

அந்த அவமதிப்புக்கு அவர் கண்ட விடை துப்பாக்கியன்று, பள்ளிக்கூடம்! 1910-இல் தம் ஊரிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று கல்வியின் பெருமையை எடுத்துரைத்தார். 1928-இல் தாய்மொழியாகிய பஷ்தூவில் ‘பக்தூன்’ என்னும் இதழை நடத்தினார். தாய்மொழியை வளர்க்கக் கூடியிருக்கும் நமக்கு இச்செய்தி இனிமையானதே.

பட்டாணியரின் வீரம் உலகறிந்தது. ஆனால், பழிக்குப் பழி வாங்கும் வழக்கம் அவர்தம் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக அரித்து வந்தது. அத்தகைய மக்களிடையே 1929-இல் ‘குதாய் கித்மத்கார்’, அதாவது இறைவனின் தொண்டர், என்னும் படையை அவர் அமைத்தார். ஆயுதமில்லாத படை அது! வெள்ளாடை விரைவில் அழுக்கேறியதால், செங்கல் நிறச் சாயம் தோய்த்து அணிந்தனர். அதனாற் செஞ்சட்டையர் என்று பெயர் பெற்றனர்.

அப்படையிற் சேருவோர் உறுதிமொழி எடுத்தல் வேண்டும். வன்முறையில் இறங்கேன், பழி வாங்கேன், எனக்குத் தீங்கிழைத்தவரை மன்னிப்பேன், நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் பொதுத்தொண்டு செய்வேன் என்பன அதன் சாரம்.

அன்பர்களே! அந்த இரண்டு மணி நேரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பகைவனை மன்னிக்க வேண்டும் என்று சொன்னவர், அன்றாட உழைப்பையும் அதனோடு ஏன் சேர்த்தார்? விடை 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் கிடைத்தது. அவரைக் கைது செய்ததை எதிர்த்துப் பெஷாவரின் கிஸ்ஸா கவானிக் கடைத்தெருவில் மக்கள் திரண்டனர். படையினர் சுட்டனர், பலர் மாண்டனர். ஆயினும் மக்கள் அமைதி வழியினின்று பிறழவில்லை. அதைக் கண்ட கடுவாலிப் படைவீரர் சிலர், சந்திர சிங் கடுவாலியின் தலைமையில், நிராயுதபாணிகளைச் சுட மறுத்துச் சிறைத்தண்டனையை ஏற்றனர். அஹிம்சை கோழைகளின் வழி என்போர்க்கு இதனினும் வேறு விடை வேண்டுமோ?

பிரிவினையை எதிர்த்த அவர், 1947-க்குப் பின் பாகிஸ்தானிலும் பன்முறை சிறை புகுந்தார். ஆங்கிலேயர் ஆட்சியையும் சேர்த்து, கால் நூற்றாண்டுக்கும் மேல் சிறையிற் கழித்தார், கொள்கையைக் கைவிட்டாரல்லர். நம் அரசு 1987-இல் அவருக்குப் பாரத ரத்னா அளித்தது. 1988 ஜனவரி 20 அன்று அவர் மறைந்தார்.

நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுகிறேன். வண்டி புறப்படுமுன்பே பிரேக்கைச் சோதிக்கிறோம், மலைச்சரிவில் இறங்கும்போதன்று. பொறுமையும் அவ்வாறே. சினம் மூளும் நாளில் அது திடீரெனத் தோன்றாது. அதற்கு முன்பே பழகியிருத்தல் வேண்டும்.

சென்ற கோடையில் குழாயடியில் எழுந்த ஒரு சுடுசொல்லால், நம் காலனியில் எதிரெதிர் வரிசை வீட்டார் பல வாரங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. தமிழரும் அதிலுண்டு, இவ்வூர் மொழியினரும் உண்டு. தண்ணீர்ச் சச்சரவு மொழிச் சச்சரவாக மாற இருந்தது. பெரியவர்களின் பிணக்கால் குழந்தைகளின் விளையாட்டும் நின்றது. வள்ளுவப் பெருந்தகை ‘பொறையுடைமை’ என்றும் ‘இன்னா செய்யாமை’ என்றும் தனித்தனி அதிகாரங்களே வகுத்திருக்க, நாம் ஒரு குடம் நீருக்கு அவற்றை மறக்கலாமோ?

ஆதலின் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் இயலாவிடினும், வாரத்தில் இரண்டு மணி நேரம் நாம் ஒதுக்குவோம். ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்திற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவோம். நம் பிள்ளைகளோடு அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும். அவர்கள் மொழியை நாமும் கற்போம். குழாயடியையும் சாக்கடையையும் இரு வரிசையாரும் சேர்ந்து தூய்மை செய்வோம். சேர்ந்து துடைப்பம் பிடித்த கைகள் ஒன்றையொன்று எதிர்த்து எளிதில் ஓங்கா. முதல் ஞாயிறன்று கணக்குப் பாடத்தை நான் ஏற்கிறேன். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உங்களுள் யார் வருவீர்கள்?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! ஓங்குக ஒற்றுமை!