வேலைக்குப் போகிறவனுக்குக் கல்லூரி எதற்கு?

(முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களுக்காகச் சென்னையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"வேலை பார்த்துக்கொண்டே படிப்பது எப்படி என்று தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுத்தான் என்னை அழைத்தார்கள். எத்தனை மணிக்கு எழ வேண்டும், நேரத்தை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருக்கலாம். என்னிடம் அப்படி எந்த ரகசியமும் இல்லை. தூங்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

2011இல் கடலூர் மாவட்டத்துச் சேரி ஒன்றிலிருந்து பொருளாதாரம் படிக்கச் சென்னைக்கு வந்தேன். காலை ஷிப்ட். எட்டரை முதல் ஒரு மணி வரை வகுப்பு. இரண்டு மணிக்குத் தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நிற்க வேண்டும். நிற்க வேண்டும் என்றால் நிற்கத்தான் வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற சட்டத்திருத்தம் தமிழ்நாட்டில் 2021இல்தான் வந்தது. கல்லாவில் முதலாளியின் சொந்த ஊர்ப் பையன்கள், சேலைப் பிரிவிலும் குடோனிலும் நாங்கள். இதை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்ற கேள்வியிலேயே முடிவாகிவிடும்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனால் அங்கே இரவு ஒன்பதுக்குக் கேட் மூடிவிடுவார்கள். கடையில் விரித்த சேலைகளை மடித்து அடுக்கி வெளியே வர பத்தரை ஆகும். விடுதிக்காக வேலையை விட்டால் தங்கையின் பள்ளிப் படிப்பு நிற்கும். அதனால் விடுதியை விட்டேன். சைதாப்பேட்டையில் ஆறு பேர் ஓர் அறை. 6,500 ரூபாய் சம்பளத்தில் 2,500 ஊருக்குப் போகும். கல்வி உதவித்தொகை என் கைக்கு வந்தபோது பட்டப்படிப்பே முடிந்திருந்தது.

ஜவுளிக்கடையின் காலண்டரும் கல்லூரியின் காலண்டரும் ஒத்துப்போகவே போகாது. கல்லூரி திறந்து பாடம் சூடு பிடிக்கும்போது ஆடித் தள்ளுபடி. செமஸ்டர் தேர்வு வரும்போது தீபாவளி. அந்த வாரங்களில் காலை ஒன்பதுக்கே கடைக்கு வரச் சொல்வார்கள். லீவு போட்டால் போனஸ் கிடையாது.

இரண்டாம் ஆண்டில் என் வருகைப் பதிவு 63 விழுக்காடு. எங்களுக்கு 75 வேண்டும். 65க்கு மேல் இருந்தால் அபராதம் கட்டித் தேர்வு எழுதலாம். "வேலைக்குப் போறவனுக்குக் காலேஜ் எதுக்குப்பா?" என்றார் துறைத் தலைவர். கடை மேற்பார்வையாளர், "படிக்கிறவனுக்கு வேலை எதுக்குடா?" என்பார். கடைசியில் ஒரு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தேன். அது பொய் என்று வகுப்பு ஆசிரியைக்குத் தெரியும். வாங்கிக்கொண்டார். அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

வருந்துவது வேறொன்றுக்கு. என் அறைத்தோழர் ஒருவர் அதே கடை, அதே கல்லூரி. புள்ளியியலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். 2012 தீபாவளி நவம்பர் 13. அதற்கு முந்தைய வாரம் ஒரே நாள் காலையில் இருவருக்கும் தேர்வு. ஒருவரைத்தான் விட முடியும் என்றார் மேற்பார்வையாளர். நான் முதலில் கேட்டுவிட்டேன். அவர் அன்று சேலை விரித்துக்கொண்டிருந்தார். ஒரு அரியர் ஐந்தாகி, மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்தினார். இன்றும் அதே தெருவில், வேறொரு கடையில் இருக்கிறார். நான் கடைத் தொழிலாளர்களின் வேலைநேரம் குறித்து ஆய்வு செய்கிறேன். உழைப்பால் உயர்ந்தவன் என்று என்னை மேடையில் அறிமுகப்படுத்தும்போது எனக்குக் கூசுகிறது. அவர் என்ன, உழைக்காமலா இருந்தார்?

கல்லூரியின் நேரம் யாருக்காக வைக்கப்பட்டது? வீட்டில் வேறு யாரோ சம்பாதிக்க, பிள்ளை படிக்க மட்டும் செய்யலாம் என்கிற குடும்பங்களுக்காக. அந்த வசதி தலைமுறை தலைமுறையாக யாரிடம் சேர்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோடிகள் இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். புலே இணையர் 1855லேயே புனேயில் உழைக்கும் மக்களுக்கு இரவுப் பள்ளி நடத்தினார்கள். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர் பாபாசாகேப். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 1920இல்தான் திரும்பப் போனார். 1946இல் அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களும் படிக்கும்படி காலைநேர வகுப்புகள் நடந்தன. தரத்தை அவர் குறைக்கவில்லை, மணியைத்தான் மாற்றினார்.

இன்று என்ன நிலை? பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு வேலை தருபவரிடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கி வரச் சொல்கின்றன 2022ஆம் ஆண்டு யுஜிசி விதிமுறைகள். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு அது கிடைக்கும். சம்பளப் பதிவேட்டிலேயே பெயர் இல்லாத ஒருவருக்கு எந்த முதலாளி எழுதிக் கொடுப்பார்? தமிழ்ப் புதல்வன், புதுமைப் பெண் திட்டங்களின் 1,000 ரூபாயை நான் குறைத்துப் பேசமாட்டேன், எனக்கு அது கிடைத்திருந்தால் அறை வாடகையில் என் பங்கு போயிருக்கும். ஆனாலும் வேலைக்குப் போகும் மாணவருக்கு வருகைப் பதிவில் தளர்வு, விடுதியில் இரவு தாமதமாக வருவோருக்கு அனுமதியும் எடுத்துவைத்த சோறும், அரசுக் கல்லூரிக் கட்டணத்திலேயே மாலை வகுப்பு, இவற்றை நாம் கேட்டே ஆக வேண்டும். இங்கே வந்திருக்கும் பேராசிரியத் தோழர்கள் தங்கள் கல்விக்குழுக் கூட்டங்களில் இதை எழுப்ப வேண்டும்.

மணி ஒன்றே கால் ஆகிறது. பின்வரிசையில் இரண்டு தம்பிகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு மணி ஷிப்ட் என்று நினைக்கிறேன். கேள்விகளை அவர்கள் முதலில் கேட்கட்டும்.