கொறங்காட்டு வெள்வேல மரம்



ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் குடை போன்ற முள்மரங்கள் இடைவிட்டு நிற்கின்றன. காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து நம் கொறங்காடும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

மழை குறைந்த இந்நிலத்தில் வெள்வேல மரம் பிழைப்பது எங்ஙனம்? அதன் வேர் ஆழச் சென்று ஈரத்தைத் தேடுகிறது. சிற்றிலைகள் வெயிலைத் தாங்குகின்றன. முள், இளங்கன்றை ஓரளவு காக்கிறது. கால்நடைகள் தின்ற காயின் விதைகள் சாணத்தோடு விழுந்து முளைக்கின்றன. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகின்றன. ஆதலால் மரத்தைச் சுற்றிக் கொழுக்கட்டைப்புல் நன்கு தழைக்கிறது. கிளுவை வேலியோ கோடையில் இலையுதிர்த்து உயிர் பிழைக்கிறது.

புல் காய்ந்த கோடையில் உதிரும் வெள்வேலங்காயே காங்கயம் மாடுகளுக்கும் செம்மறிகளுக்கும் ஆகாரம். மரத்தை விறகுக்கு விற்றால் ஒருமுறையே பணம். நிறுத்தி வைத்தால் ஆண்டுதோறும் தீவனம்.

பனியன் தொழில் வளர்ந்து, நிலங்கள் மனைகளாகும் காலம் இது. எஞ்சிய காடுகளையேனும் காத்தல் வேண்டும். முதிர்ந்த மரத்தை வெட்டுவோர் அருகே இளங்கன்று உண்டாவென்று முதலில் பாருங்கள். கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளரும் வரையில், காட்டின் ஒரு பகுதியை மேய்ச்சலின்றி அடைத்து வையுங்கள். கிளுவைப் போத்துகளை அண்டை அயலார் கூடிப் பகிர்ந்து நட்டால் வேலிச் செலவும் குறையும். கூட்டுறவு என்பதும் அதுவே.